அந்த மூவாயிரத்து நாற்பத்து நான்கு ரூபாய்

2023 ஆகஸ்ட் 12, சனிக்கிழமை, காலை ஒன்பது மணி பத்து நிமிடம். சோழகக் காற்று விடியும் முன்னரே எழும்பியிருந்தது. வானத்தில் முகில் என்று சொல்ல ஒன்றுமில்லை. கொடியில் காயப்போட்ட பதினொரு உடுப்பில் இரண்டு பறந்து வேலியில் கிடந்தன. அவற்றை எடுக்கப் போன நேரத்தில் பேசாலையிலிருந்து வந்த பஸ் எங்கள் ஒழுங்கை முகப்பில் நின்றது. என் மனைவியின் தங்கை இறங்கி வந்தாள். மச்சாளுக்கு இப்போது எழுபத்திரண்டு வயது. முன்கூட்டிச் சொல்லாமல் அவள் எங்கள் தோட்டவெளிக்கு வந்தது அதற்கு முன் இரண்டே தடவை. இரண்டும் செத்தவீட்டுச் செய்தி. வேலியில் கிடந்த உடுப்பை விட்டுவிட்டு, யார் என்று கேட்டேன்.

"ஒருத்தரும் சாகேல்லை அத்தான், இருங்கோ," என்று சொல்லிக்கொண்டே கதிரையை இழுத்துப் போட்டாள்.

கைப்பையிலிருந்து தொலைபேசியை எடுத்து ஒரு படத்தைக் காட்டினாள். பேசாலைச் சந்தியில், மைதான வேலியில் கட்டிய பெரிய பனர் ஒன்று. அதில் இப்படி இருந்தது: "பேசாலை வரலாற்றில் அதிகூடிய வசூல் கண்ட திரைப்படக் காட்சி. ஒரே மாலையில் 214,200 ரூபாய்." கீழே ஊர் விளையாட்டுக் கழகத்தின் பெயரும், போஷகர் என்று என் மனைவியினதும் மச்சாளினதும் மூத்த அண்ணனின் பெயரும்.

விஷயம் எனக்குத் தெரியும். மைதானத்துக்கு மதில் கட்டக் காசு சேர்ப்பதற்காகப் போன மாதம் கழகக்காரர் பெரிய திரை ஒன்றை வாடகைக்கு எடுத்துப் புதுப் படம் ஒன்று காட்டினார்கள். ரிக்கற் முந்நூறு ரூபாய். 714 பேர் வந்தார்கள். மனத்துக்குள் பெருக்கிப் பார்த்தேன்.

"கணக்குச் சரிதானே," என்றேன்.

"கணக்குச் சரி. வரலாறுதான் பிழை," என்றாள் மச்சாள்.

அவள் எதைச் சொல்கிறாள் என்று உடனே விளங்கியது. 1974ஆம் ஆண்டு அவளுடைய புருஷன், அதாவது என் சகலன், அதே மைதானத்தில் படம் காட்டியவர். ஊரூராகப் படம் காட்டிய ஒருவரிடமிருந்து இயந்திரம், படப்பெட்டி, மின்பிறப்பாக்கி மூன்றையும் வாடகைக்கு எடுத்தார். மைதானத்தைச் சுற்றிக் கிடுகு ஓலை மறைப்புக் கட்டினார். வெள்ளி, சனி, ஞாயிறு என்று மூன்று மாலைக் காட்சி. முதல் போட்டது மச்சாளின் ஆறு பவுண் நகை. அதை அடகு வைத்துத்தான் எல்லாம் நடந்தது. பிறகு நாலு பவுண் திரும்பி வந்தது. இரண்டு காப்பு வரவேயில்லை.

நான் அப்போது கிராமசபைக் கந்தோரில் வருமான எழுதுவினைஞர். படம் காட்டுகிறவர் ரிக்கற்றுகளை முதலில் எங்களிடம் கொண்டுவந்து முத்திரை போடுவிக்க வேண்டும். விற்ற காசில் காற்பங்கு களியாட்ட வரியாகச் சபைக்கு வரும். கள்ள ரிக்கற் விற்காமல் பார்க்க, வாசலில் ஒரு முக்காலி போட்டு நான் இருந்தேன். ஒவ்வொரு ரிக்கற்றையும் கிழித்து அரைத்துண்டை எண்ணிச் சாக்கில் போட்டேன். சகலன் என்பதற்காக ஒரு துண்டையும் விடவில்லை. பாயில் இருப்பவர்களுக்கு ஐம்பது சதம், 4,212 ரிக்கற். வாங்கில் இருப்பவர்களுக்கு ஒரு ரூபாய், 938 ரிக்கற். மொத்தம் 5,150 ரிக்கற், 3,044 ரூபாய். காற்பங்கு 761 ரூபாய். அதை வாங்கிக்கொண்டு ரசீது எழுதிக் கொடுத்தேன். இந்த எண்கள் எனக்கு மறக்கவில்லை. மறக்கக் கூடியவையும் அல்ல.

அன்றிலிருந்து நாற்பத்தொன்பது வருடமாக, கலியாண வீடானாலும் சரி பெருநாளானாலும் சரி, மச்சாளின் அண்ணன் ஒரு வசனத்தை வைத்திருந்தார். "படம் காட்டிக் காப்பைத் துலைச்சவன்." சகலன் சிரித்துக்கொண்டு அப்பால் போய்விடுவார். பதினொரு வருடத்துக்கு முன் அவர் இறந்தார். அந்த வசனம் இறக்கவில்லை. இப்போது அது ஓரடி உயர எழுத்தில், வேறு சொல்லில், சந்தியில் தொங்கியது. மச்சாள் ஒவ்வொரு நாளும் காலையில் பூசைக்குப் போவது அந்தப் பனருக்குக் கீழால்தான்.

"அந்த மூவாயிரத்துச் சொச்சம் இண்டைக்கு எவ்வளவு எண்டு சொல்லுங்கோ, அத்தான். இரண்டு லட்சத்தைவிடக் குறைவெண்டால் குறைவெண்டு சொல்லுங்கோ. நான் வாயை மூடிக்கொண்டிருப்பன். கூடவெண்டால் அந்த 'வரலாறு' எண்ட சொல்லு கீழ இறங்கவேணும்."

தேநீர் கொண்டுவந்த என் மனைவி குறுக்கே சொன்னாள்: "ஆரிட்ட வந்து கேக்கிறாய்? நான் கடைக்குப் போட்டு வந்தால் மிச்சக் காசை மூண்டு தரம் எண்ணுற மனுசனிட்ட."

"அதுக்குத்தானே அக்கா வந்தனான். ரண்டு காப்பையும் வரியா வாங்கினவரே கணக்கையும் பாக்கட்டும்."

அவள் அதைச் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பத்திரிகைகளில் மாதம் ஒருதரமாவது வாசிக்கிறேன்: இன்ன படம் முந்திய வசூல் எல்லாவற்றையும் முறியடித்தது என்று. அடுத்த மாதம் அதை இன்னொன்று முறியடிக்கும். இதில் ஆச்சரியம் எதுவுமில்லை. முழக்கோல் வருடா வருடம் குறுகிக்கொண்டு போனால், அளக்கிற துணி ஒவ்வொரு வருடமும் நீளமாகத்தான் தெரியும். ரூபாய் அப்படிக் குறுகும் கோல். ஆகவே பழைய வசூலையும் புது வசூலையும் பக்கத்தில் பக்கத்தில் வைப்பதற்கு முன், இரண்டையும் ஒரே கோலால் அளக்க வேண்டும். இந்த அளவுக்கு எனக்கு விளக்கம் இருந்தது. எந்தக் கோல் என்பதில்தான் நான் சறுக்கினேன்.

கலியாணம் செய்த நாள் முதல் வீட்டுச் செலவை நான் கொப்பியில் எழுதி வருகிறேன். இடப்பெயர்வுகளில் பல கொப்பிகள் போய்விட்டன. எழுபத்துநாலாம் ஆண்டுக் கொப்பி தப்பியிருந்தது. அலுமாரியின் அடித்தட்டிலிருந்து அதை எடுத்தேன். மனிதன் எந்தக் காலத்திலும் வாங்குகிற பொருள் அரிசி. அதனால் அரிசியையே கோலாக வைத்தேன். கொப்பியில் ஒரு கொத்து, அதாவது ஏறத்தாழ ஒரு கிலோ, அரிசி இரண்டு ரூபாய் என்று பல இடத்தில் இருந்தது. இன்று கடையில் ஏறத்தாழ இருநூறு. ஆக நூறு மடங்கு. 3,044-ஐ நூறால் பெருக்கினால் 304,400. கழகத்தின் 214,200-ஐவிட 90,200 ரூபாய் கூட. நாலு தரம் சரிபார்த்தேன். மச்சாள் அந்தத் தாளை மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு பின்னேர பஸ்சில் போனாள். போகும்போது அவளுடைய முகத்தைப் பார்த்து எனக்கும் சந்தோஷமாக இருந்தது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்த பிறகு, நானும் பேசாலைக்குப் போனேன். மச்சாளும் நானும் அவளுடைய அண்ணன் வீட்டு விறாந்தையில் இருந்தோம். அவர் எனக்கு மச்சான்; வயது எண்பது. மூன்று வள்ளமும் ஒரு கருவாட்டு வாடியும் வைத்திருக்கும் சம்மாட்டி. தாளை வாங்கி, கண்ணாடி இல்லாமலே வாசித்தார்.

"மச்சான், எழுபத்துநாலில ரண்டு ரூபாய்க்கு அரிசி எங்க வித்தது?" என்று கேட்டார்.

"கொப்பியில இருக்கு."

"கொப்பியில இருக்கும். அது கூப்பன் கடை அரிசி. நீங்கள் ரண்டு பேர். கந்தோர் வேலை. கூப்பனுக்குக் கிடைச்சதோட கோதுமைப் பாணையும் திண்டு சமாளிச்சியள். எங்கட வீட்டில பதினொரு வாய். கூப்பன் அரிசி செவ்வாய்க்கிழமையோட முடிஞ்சிடும். மிச்சத்துக்கு நான் வெளியில ஏழு ரூபா குடுத்து, அதையும் அரிசித் தடைக்குப் பயந்து ஒளிச்சுக் கொண்டுவந்தனான். இண்டைக்குக் கூப்பன் இருக்கோ?"

"இல்லை."

"அப்ப வெளி விலையை வெளி விலையோட பிடியுங்கோ."

அரசாங்கம் நட்டத்துக்குக் கொடுத்த விலையை இன்றைய கடை விலையோடு வைத்துப் பெருக்கியிருக்கிறேன். கூப்பன் புத்தகத்தோடு வாழ்ந்த ஒருவன் செய்யக்கூடிய பிழைதான். ஆனால் வருமானக் கந்தோரில் இருந்த ஒருவன் செய்யக்கூடாத பிழை. அந்த இடத்திலேயே திரும்பவும் கணக்கிட்டேன். இருநூறை ஏழால் பிரித்து 3,044-ஆல் பெருக்க, 86,971 வந்தது.

மச்சான் அந்தத் தொகையை வீட்டுக்குள் இருந்தவர்களுக்கும் கேட்கத்தக்கதாக இரண்டு தரம் வாசித்தார். "எண்பத்தாறாயிரம். என்ர ஒரு மாலையின்ர அரைவாசியும் இல்லை. அதுக்குள்ள ரண்டு காப்பும் அடக்கம்."

எண்பது வயதில் ஒரு மனிதருடைய மூளை இப்படி வேலை செய்வதைப் பார்த்து, தோற்ற நிலையிலும் நான் வியந்தேன். ஆனால் மச்சாளைப் பார்க்க முடியவில்லை. அவள் தேநீரைக் குடித்து முடித்தாள். கோப்பையை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போய்த் தானே கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்தாள். "வாறம் அண்ணை" என்றாள்.

என்னை வழியனுப்ப அவளும் வந்தாள்; பஸ் தரிப்பிடத்தில் இருபத்தைந்து நிமிடம் நின்றோம். பனர் எங்களுக்கு நேர் எதிரே இருந்தது. நான் மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன். அவள் அதைக் காதில் போடவில்லை.

"அத்தான், எழுபத்துநாலில அரிசி ஏன் ஏழு ரூபா வித்தது?"

"அரிசி இல்லாதபடியால்."

"அரிசி மலிவா இருந்திருந்தால் அவற்ற படம் பெரிசாகியிருக்கும். அரிசி இல்லாமப் போனபடியால் படம் சின்னனாப் போச்சு. உங்கட கணக்கு அப்பிடித்தானே?"

"அப்பிடித்தான்."

"அது மரவள்ளிக் கிழங்கு அவிச்சுத் திண்ட வருசம். சோத்துக்கு வழியில்லாத வருசத்தில ஐயாயிரம் சனம் காசை எடுத்துக்கொண்டு படம் பாக்க வந்தது, படத்தைப் பெரிசாக்குமோ, சின்னனாக்குமோ?"

முப்பத்தாறு வருடம் அரச சேவையில் எண்களோடு இருந்தவன் நான். அவள் எட்டாம் வகுப்போடு நின்றவள். ஒரு பொருள் தட்டுப்பாட்டால் விலை ஏறுவது வேறு, ரூபாயின் பெறுமதி குறைவது வேறு என்பதை அந்தப் பஸ் தரிப்பிடத்தில் ஒரே கேள்வியில் அவள் பிரித்துக் காட்டினாள். அரிசியை ஏழு ரூபாய்க்கு ஏற்றிவிட்டது ரூபாய் மட்டுமல்ல. பஞ்சமும்தான். அந்தப் பஞ்சத்தைச் சகலனின் தலையில் கட்டியிருக்கிறேன்.

அப்படியானால் ஒரு பொருள் போதாது, பல பொருளின் விலையைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். அதற்கு அரசாங்கமே சுட்டெண் போடுகிறது. செவ்வாய்க்கிழமை மன்னார் கச்சேரிக்கு, அதாவது மாவட்டச் செயலகத்துக்குப் போய், பழைய விலைச் சுட்டெண் அட்டவணைகளைத் தேடித்தரச் சொன்னேன். அங்கிருந்த உத்தியோகத்தர் பொறுமையானவர். இரண்டு மணித்தியாலம் தேடி எடுத்துத் தந்தார். முப்பத்துநாலு பக்கம் போட்டோக் கொப்பி எடுத்தேன். வீட்டுக்கு வந்து பார்த்தால், நாற்பத்தொன்பது வருடத்தில் அடிப்படை ஆண்டைப் பலமுறை மாற்றியிருக்கிறார்கள். ஒரு தொடரை இன்னொன்றோடு எந்த வருடத்தில் முடிச்சுப் போடுகிறோம் என்பதைப் பொறுத்து விடை மாறியது. மத்தியானச் சாப்பாட்டுக்கு முன் மச்சாள் கொஞ்சத்தால் வென்றாள். சாப்பிட்டு வந்து வேறு வருடத்தில் முடிச்சுப் போட்டேன், மச்சான் கொஞ்சத்தால் வென்றார். இரவு நித்திரை சரியாக வரவில்லை. விடிந்ததும் மச்சாளுக்குத் தொலைபேசி எடுத்து இதைச் சொன்னேன்.

"அந்த அட்டவணை ஆற்ற செலவை வச்சுப் போட்டது?" என்று கேட்டாள்.

"கொழும்பில இருக்கிற குடும்பங்களின்ர."

"கொழும்புச் சனம் எங்கட மைதானத்துக்குப் படம் பாக்க வந்ததோ?"

"இல்லை."

"அத்தான், நான் சொல்லுறதைக் கேளுங்கோ. ஐம்பது சதத்தின்ர பெறுமதி எனக்குத் தெரியும். அதுக்கு எவ்வளவு நேரம் குந்தியிருந்து மீன் வெட்டவேணும் எண்டு தெரியும். இண்டைக்கு முந்நூறு ரூபாய்க்கு எவ்வளவு நேரம் வெட்டவேணும் எண்டும் தெரியும். அந்தக் கோல் போதாதோ?"

போதும். நான் அறிந்த எல்லாக் கோல்களையும்விட அது நல்ல கோல். படம் பார்க்கிறவன் அரிசியைக் கொடுத்து ரிக்கற் வாங்குவதில்லை, தன் உழைப்பு நேரத்தைக் கொடுத்துத்தான் வாங்குகிறான். ஒரு வசூல் என்பது எத்தனை பேர் எத்தனை நாள் உழைப்பை ஒரு திரைக்கு முன்னால் கொண்டுவந்து கொட்டினார்கள் என்பதுதான். நான் அதை இப்படி நீட்டி எழுதுகிறேன். அவள் மீன் வெட்டும் நேரம் என்று சொல்லி முடித்துவிட்டாள்.

"சனிக்கிழமை பத்து மணிக்கு அண்ணையின்ர வாடிக்கு வாங்கோ," என்றாள். "பெண்டுகள் எல்லாம் நிக்கிற நேரம். நான் கேக்கிறன். நீங்கள் எழுதினால் போதும். இடையில கதைக்கப்படாது."

பத்தொன்பதாம் திகதி பத்து மணிக்கு ஏழு நிமிடம் முன்னதாகவே போய்விட்டேன். மச்சானின் வாடி கடற்கரையை ஒட்டியது. உப்பில் ஊறிய மீனை ஒன்பது பெண்கள் வலை விரித்த பந்தல்களில் பரப்பிக்கொண்டிருந்தார்கள். மச்சான் ஓலை நிழலில் கதிரை போட்டு இருந்தார். என் கையில் கொப்பியையும் கல்குலேற்றரையும் கண்டதும் சிரித்தார்.

"என்ன மச்சான், இண்டைக்குக் கூப்பன் சீனியோ?"

மச்சாள் பந்தலடியில் நின்ற பெண்களைப் பார்த்துக் கேட்டாள்: "பிள்ளையள், இப்ப ஒரு நாளைக்கு எவ்வளவு தாறார்?"

"ஆயிரத்து இருநூறு அன்ரி," என்றாள் ஒருத்தி.

"தேத்தண்ணி?"

"தேத்தண்ணி எங்கட போத்தில்."

எல்லாரும் சிரித்தார்கள். மச்சானும் சிரித்தார். மச்சாள் அவர் பக்கம் திரும்பினாள்.

"அண்ணை, எழுபத்துநாலில நானும் இதே வாடியில மீன் வெட்டினனான். அப்ப ஒரு நாளைக்கு எவ்வளவு தந்தனீங்கள்?"

ஒன்பது பெண்களும் வேலையை நிறுத்தாமலே காதை இந்தப் பக்கம் வைத்திருந்தார்கள். சொந்தத் தங்கைக்கு என்ன கொடுத்தார் என்று அவர்களுக்கும் அறிய ஆசை.

"அஞ்சு ரூபா," என்றார்.

எனக்குத் தெரியும், அது அஞ்சு அல்ல. இரண்டரை ரூபாய். என் எழுபத்துநாலாம் ஆண்டுக் கொப்பியிலேயே, மச்சாள் எங்களிடம் சில்லறை மாற்றிய இடத்தில், "மச்சாள் இரு நாட் கூலி 5.00" என்று இருக்கிறது. அந்தப் பக்கத்தை மடித்து அடையாளமும் வைத்திருந்தேன். அன்றைய கூலி கூடினால் பெருக்கும் மடங்கு குறையும். சகலனின் வசூல் சரி அரைவாசியாகிவிடும். நான் கொப்பியைத் திறந்து வாயெடுக்கப் போனேன். மச்சாள் தன் உள்ளங்கையை என் கொப்பியின் மேல் வைத்தாள்.

"அஞ்சு எண்டே வைப்பம். எழுதுங்கோ அத்தான்."

எழுதினேன். 3,044-ஐ ஐந்தால் பிரித்தால் 608.8 நாள். கழகத்தின் 214,200-ஐ 1,200-ஆல் பிரித்தால் 178.5 நாள். இரண்டையும் சத்தமாக வாசித்தேன். அறுநூற்றெட்டு நாள் உழைப்பு ஒரு பக்கம், நூற்றெழுபத்தெட்டு நாள் உழைப்பு மறுபக்கம். இன்றைய காசில் சொன்னால் சகலனின் வசூல் 730,560 ரூபாய்.

மச்சான் சொன்னார்: "அவன் மூண்டு நாள் காட்டினவன். நாங்கள் ஒரு மாலை. பனரில ஒரே மாலையில் எண்டு போட்டிருக்கு."

நியாயமான கேள்வி. அவர் கேட்டிருக்காவிட்டாலும் நான் பார்த்திருப்பேன். 608.8-ஐ மூன்றால் பிரித்தேன். விடையைப் பார்க்கும்வரை எனக்கே நிச்சயமில்லை.

"ஒரு மாலைக்கு 202.9," என்றேன். "உங்கட 178.5."

பந்தலடியில் ஒருத்தி, "சம்மாட்டியார், அப்ப நீங்கள் ரண்டாவது," என்றாள். இன்னொருத்தி, "ஐயாயிரம் பேரோ? அப்ப எங்கட அம்மாவும் வந்திருப்பா," என்றாள். மச்சாள் அவளைப் பார்த்து, "கொம்மா மூண்டு நாளும் வந்தவ. பாயில முன் வரிசை," என்றாள்.

மச்சான் தலையைச் சொறிந்தார். "அஞ்சு எண்டு நானே வாயைக் குடுத்தன்," என்று சொல்லிவிட்டு அவரும் சிரித்தார். அதை வேறு ஆளாக இருந்தால் சண்டையாக்கியிருப்பார். "சரி, வரலாறு எண்டதை எடுத்துப்போட்டு இந்த வருசம் எண்டு போடுங்கோ. ஆனால் பனருக்கு நான் குடுத்த காசு குடுத்ததுதான். மாத்துற செலவு கணக்குப் பாத்தவற்ற பொறுப்பு."

"ஓம்," என்று நான் சொன்னேன். தொகை கேட்காமல் நான் ஓம் சொன்னது அரிது.

திரும்பும்போது பஸ் தரிப்பிடத்தில் மச்சாளிடம் கேட்டேன், உண்மையான கூலியைச் சொல்ல ஏன் விடவில்லை என்று. 1,217.6 நாள் வந்திருக்கும். ஒரு மாலைக்கு 405.9. மச்சான் மூன்று நாள் என்ற கதையை எடுத்திருக்கவே முடியாது.

"ரண்டரை எண்டு சொன்னால் அந்தப் பெண்டுகளுக்கு முன்னால அண்ணை சின்னனாப் போவார். அவை நாளைக்கும் அவரிட்டத்தான் வேலைக்கு வரவேணும். எனக்குச் சொல்லுத்தான் இறங்கவேணும், அண்ணை இறங்கத் தேவையில்லை. அஞ்சிலயும் நாங்கள் வெல்லுவம் எண்டு தெரியும்."

"எப்பிடித் தெரியும்?"

"அண்ணை கூட்டித்தான் சொல்லுவார் எண்டு வெள்ளிக்கிழமை இருந்து மனக்கணக்காப் பாத்தனான். மூண்டால பிரிச்சும் பாத்தனான்."

கல்குலேற்றர் இல்லாமல், தாளும் இல்லாமல், மீன் குழம்பு வைத்துக்கொண்டு அவள் அதைப் பார்த்திருக்கிறாள். சகலனும் இப்படிப்பட்டவர்தான் என்று நினைத்தேன். பஞ்ச வருடத்தில் ஊர் படம் பார்க்க வரும் என்று எந்தக் கந்தோரும் சொல்லவில்லை, அவருக்குத் தெரிந்திருந்தது. இந்தத் தீவில் நான் சந்தித்த இரண்டு பெரிய கணக்குக்காரர்கள் ஒரே வீட்டில் இருந்திருக்கிறார்கள். அவர்களிடமிருந்து வரி வாங்கியவன் நான்.

அந்த வரியையும் அதே கோலால் அளந்து பார்த்தேன். 761-ஐ இரண்டரையால் பிரித்தால் 304.4. ஞாயிறு கழித்துப் பார்த்தால் ஏறத்தாழ அவள் ஒரு வருடம் மீன் வெட்டிய நாட்கள். தாளை அவளிடம் காட்டினேன். நின்றபடியே வாசித்தாள்.

"அது நீங்கள் எடுத்ததில்லை அத்தான். கந்தோர் எடுத்தது," என்று தாளைத் திருப்பித் தந்தாள். பிறகு, "ஆனால் ஒரு துண்டும் விடாமல் எண்ணினபடியால்தான் இண்டைக்கு ஒருத்தரும் ஐயாயிரத்து நூற்றைம்பதை மறுக்கேல்லை," என்றாள். அதை ஆறுதலுக்குச் சொன்னாளா, கணக்காகச் சொன்னாளா என்று எனக்கு இன்றும் தெரியாது.

அடுத்த வியாழக்கிழமை மன்னாரில் ஸ்ரிக்கர் அடித்தேன். "பேசாலை வரலாற்றில்" என்ற இடத்தை மூட "2023ஆம் ஆண்டில்" என்ற துண்டு. ஆறடி நீளம், ஓரடி உயரம். கீழே சிறிய எழுத்தில் விலை மாற்றத்தைக் கழித்துக் கணித்த விதத்தைப் பத்தொன்பது சொல்லில் போட நான் விரும்பினேன். மச்சாள் தொலைபேசியில் அதைக் கேட்டுவிட்டு, "அதை வாசிக்க நிண்டால் பஸ் அடிக்கும்," என்றாள். விட்டுவிட்டேன்.

வெள்ளிக்கிழமை காலை ஒட்டினோம். ஏணி கொண்டுவந்தவர் துண்டைக் கோணலாக வைத்துவிடுவாரோ என்று கீழே நின்று எனக்கு ஒரே பதகளிப்பு. நேராகத்தான் வைத்தார். மச்சான் வள்ளத்தடிக்குப் போகிற வழியில் நின்று பார்த்து, "எழுத்து என்ர எழுத்தைவிட வடிவா இருக்கு," என்று சொல்லிவிட்டுப் போனார். மச்சாள் பூசை முடிந்து வந்தாள். பனருக்குக் கீழே நின்று ஒருதரம் முழுவதையும் வாசித்தாள். தலையில் போட்டிருந்த முக்காட்டை எடுத்துத் தோளில் போட்டாள். "வீட்ட வந்து சாப்பிட்டுப் போங்கோ அத்தான், பாரை மீன் வாங்கினனான்," என்றாள்.

சாப்பிட்டுவிட்டுப் பின்னேர பஸ்சில் வந்து, இரவுக்கு முன் செலவைக் கொப்பியில் ஏற்றினேன். பேசாலைக்கு மூன்று தரம் போய்வரப் பஸ் 420. மன்னாருக்கு இரண்டு தரம் 200. போட்டோக் கொப்பி முப்பத்துநாலு பக்கம் 340. ஸ்ரிக்கர் 1,800. ஏணிக்காரருக்கு 500. மொத்தம் 3,260 ரூபாய். சகலனின் மூன்று மாலை வசூலைவிட 216 ரூபாய் கூட; மச்சாளின் கோலால் மூன்று நாள் மீன் வெட்டுக்கும் குறைவு.